விதைக்காத உணவு யாருடையது?

இமயமலைச் சரிவுகளில் இளவேனிற் காலத்தில் முளைக்கும் குச்சிக் காளானை யாரும் விதைப்பதில்லை. நீர் பாய்ச்சுவதும் வேலி கட்டிக் காப்பதும் இல்லை. மார்ச் மாதம் கீழ்ச்சரிவுகளில் பனி உருகத் தொடங்கியதும், தேவதாருவும் பைனும் அடர்ந்த காடுகளின் ஓரங்களிலும் புல்வெளி விளிம்புகளிலும் அது தலைகாட்டுகிறது. பனி விலக விலகக் காளானும் மேலேறி, மே, ஜூன் மாதங்களில் 3,000 மீட்டருக்கு மேலுள்ள காடுகளை எட்டிவிடுகிறது. அறிவியலார் இதனை மார்கெல்லா என்னும் பேரினத்தில் வைக்கின்றனர். மேலைநாடுகளில் இதற்கு மோரல் என்று பெயர். காஷ்மீரின் குப்வாரா, ஜம்முப் பகுதியின் கிஷ்துவார், இமாச்சலப் பிரதேசத்தின் சம்பா, குல்லு, கின்னௌர் ஆகிய மாவட்டங்களின் மலைக்குடிகள் பலருக்கு நீண்ட பனிக்காலம் கழிந்தபின் கைக்கு வரும் முதல் பணம் இந்தக் காளானால்தான் வருகிறது. உலர்ந்த காளான் கிலோ பத்தாயிரம் ரூபாயைத் தாண்டி விலைபோகும் ஆண்டுகள் பல.

வயலில் விளைந்தது உழுதவருக்கு உரியது என்பதில் எந்தச் சமயத்துக்கும் பெரிய ஐயம் இருந்ததில்லை. உழாமலும் விதைக்காமலும் வந்து நிற்கும் உணவு அப்படியன்று. அது கண்டெடுத்தவருக்கு உரியதா, நிலத்தின் சொந்தக்காரருக்கா, ஊருக்கா, அரசுக்கா, கடவுளுக்கா? இந்தக் கேள்விக்கும் முன்னால் இன்னொன்று நிற்கிறது: வந்த வழி தெரியாத ஓர் உணவை மனிதர் உண்ணலாமா? சமய நூல்கள் இந்த முன்கேள்வியோடு நெடுங்காலம் மல்லாடியிருக்கின்றன. மெய்யியலாரும் சட்டம் இயற்றியவர்களும் உரிமைக் கேள்வியை எடுத்துக்கொண்டனர். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் காளான் பொறுக்குதல் என்னும் எளிய செயலுக்குள் எவ்வளவு சிக்கல் அடங்கியிருக்கிறது என்பது புலப்படும்.

கண்ணுக்குத் தெரியும் காளான் அந்த உயிரின் மிகச் சிறிய பகுதி. உயிரின் உடல் மண்ணுக்குள் மெல்லிய இழைகளின் வலையாகப் பரந்துகிடக்கிறது. மார்கெல்லா இனங்களில் சில மட்கிய பொருளைத் தின்று வாழ்கின்றன. சில மரவேர்களோடும் உறவு வைத்துக்கொள்கின்றன. ஒரே இனம் இரண்டையும் செய்வதும் உண்டு. இழைவலை உணவைச் சேமித்துக் கெட்டியான முடிச்சுகளாக உறங்கிக்கிடக்கும். குளிர் நீங்கி மண் சற்றே வெதுவெதுப்பாகி ஈரமும் போதுமானதாக இருக்கும்போது அந்த முடிச்சுகளிலிருந்து காளான் எழும். வலைபோட்ட அதன் தொப்பியிலுள்ள குழிகளின் பரப்புகளிலிருந்து லட்சக்கணக்கான வித்துத்துகள்கள் காற்றில் வீசப்படுகின்றன. ஓர் ஆண்டு மலிந்த இடத்தில் மறு ஆண்டு ஒன்றுகூட முளைக்காமல் போகலாம். வட அமெரிக்காவின் மேற்குப் பகுதிகளில் காட்டுத்தீக்கு அடுத்த இளவேனிலில் கருகிய மண்ணில் இதன் சில இனங்கள் கூட்டங்கூட்டமாக எழுவதும், அதற்கடுத்த ஆண்டுகளில் பெரும்பாலும் மறைந்துபோவதும் நன்கு அறியப்பட்டவை.

இப்படி முன்னறிவிப்பின்றி வந்துபோகும் பொருளுக்கு மக்கள் ஒரு காரணம் தேடினர். இடி இடித்து மின்னல் வெட்டினால் குச்சி முளைக்கும் என்பது இமாச்சல மலைக்குடிகளிடம் இன்றும் உயிரோடிருக்கும் நம்பிக்கை. இது இமயத்துக்கு மட்டும் உரியதன்று. நிலத்தடிக் காளான்கள் இடியால் பிறக்கின்றன என்று மக்கள் நம்புவது ஏன் என்ற கேள்வியைக் கிரேக்க அறிஞர் புளூடார்க் தம் விருந்து உரையாடல்களில் ஒரு தனித் தலைப்பாகவே எடுத்துப் பேசுகிறார். அரேபியப் பாலை மக்களும் மழைக்குப்பின் மணலுக்கடியில் விளையும் காளானை இடியோடு சேர்த்தே பெயரிட்டு அழைத்தனர். அந்தப் பாலைக் காளானும் இமயத்துக் குச்சியும் பூஞ்சை வகைப்பாட்டில் பெசிசேல்ஸ் என்ற ஒரே வரிசையைச் சேர்ந்தவை. தொலைவிலுள்ள மூன்று மக்கள் கூட்டங்கள் ஒரே விடையை எட்டியதற்கு, இடிமழைக்கு மறுநாள் மண் பிளப்பதைக் கண்டது ஒரு காரணம். விதை கண்ணில் படவில்லை என்பது அதைவிட ஆழமான காரணம். விதையின்றி வந்தது வானத்திலிருந்து வந்திருக்க வேண்டும், அல்லது அழுகலிலிருந்து வந்திருக்க வேண்டும். சமயங்கள் இந்த இரண்டு முடிவுகளில் ஒவ்வொன்றையும் பற்றிக்கொண்டு எதிரெதிர்த் திசைகளில் போயின.

மனுஸ்மிருதி காளானை விலக்குகிறது. பூண்டு, வெங்காயம் ஆகியவற்றோடு காளானும் இருபிறப்பாளர் உண்ணத் தகாதவற்றின் பட்டியலில் ஐந்தாம் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே இடம்பெறுகிறது. அறிந்தே உண்பவர் தம் நிலையிலிருந்து விழுவார் என்றும் அதே அத்தியாயம் விதிக்கிறது. தூய்மையற்றதிலிருந்து தோன்றியவை தகாதவை என்ற பொதுவிதி அந்தப் பட்டியலோடு சேர்ந்தே வருவதால், காளான் விலக்கப்பட்டதன் காரணத்தை ஊகிப்பது கடினமன்று. சாணக் குவியலிலும் மட்கிய மரத்திலும் முளைப்பதைக் கண்ட கண்களுக்கு அது அழுகலின் பிள்ளையாகத் தெரிந்திருக்கிறது.

ஆனால் அதே நூலின் ஆறாம் அத்தியாயம் இந்த விலக்கை ஒரு விசித்திரமான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. வீட்டைத் துறந்து காட்டில் வாழும் வானப்பிரஸ்தர் உழுத நிலத்தில் விளைந்த எதையும் உண்ணக் கூடாது. யாரோ வீசி எறிந்ததாக இருந்தாலும் கூடாது. கொழுமுனை படாத நிலத்தின் கிழங்கும் கனியும் கீரையுமே அவருக்கு உரிய உணவு. கலப்பை பூட்டப்படும்போது மாடு வருந்துகிறது, மண்ணின் சிற்றுயிர்கள் மடிகின்றன, உடைமையும் வழக்கும் பிறக்கின்றன. இவை எதுவும் தீண்டாத உணவே துறவுக்குப் பொருந்தும் என்பது இதன் உட்கருத்து. வட இந்தியாவில் ரிஷி பஞ்சமி நோன்பன்று பெண்கள் ஏர் உழுது விளைந்த தானியத்தைத் தவிர்ப்பதும் இந்த எண்ணத்தின் தொடர்ச்சிதான். இந்த அளவுகோலின்படி மண்ணிலிருந்து தானே எழும் காளானைவிடப் பொருத்தமான உணவு இருக்க முடியாது. எனினும் மண்ணில் முளைக்கும் காளானை வானப்பிரஸ்தரும் உண்ணலாகாது என்று நூல் அங்கே தனியாக எடுத்துச் சொல்லித் தடுக்கிறது. உழாத உணவு தூயது என்ற கொள்கையும் வந்த வழி தெரியாதது தூயதன்று என்ற அச்சமும் மோதும்போது அச்சமே வென்றிருக்கிறது. அந்த நூலின் உணவு விதிகளில் கொள்கை எதுவரை செல்லும், எந்த இடத்தில் நின்றுவிடும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் வேறு இல்லை.

சமண மரபின் தடை இன்னும் உறுதியானது. அதன் காரணமும் அறநோக்கில் கனமானது. ஓர் உடலில் எண்ணற்ற உயிர்கள் குடியிருக்கும் பொருள்களைத் தின்பது பெருங்கொலை என்று சமணர் கருதினர். கிழங்குகளோடு பூஞ்சணமும் காளானும் அந்த வகையில் அடங்கின. இங்கே தீட்டு என்ற எண்ணத்தைவிட இரக்கமே முன்நிற்கிறது. காளான் என்பது தனி உயிரன்று, மண்ணுக்குள் பரந்த ஒரு கூட்டு வாழ்வின் வெளித்தோற்றம் என்ற இன்றைய அறிவோடு சமணர் கருத்தை அப்படியே பொருத்திவிட முடியாது. இருந்தாலும் கையில் கிடைத்த ஒற்றைப் பொருளுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத பலவற்றை எண்ணிப் பார்க்கும் பழக்கம் அவர்களிடம் இருந்தது.

மேற்காசியச் சமயங்கள் வானத்தின் பக்கம் சாய்ந்தன. பாலைக் காளான் மன்னாவைச் சேர்ந்தது, அதன் நீர் கண்ணுக்கு மருந்து என்னும் நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. இஸ்ரவேல் மக்கள் எகிப்திலிருந்து வெளியேறிப் பாலையில் அலைந்தபோது இறைவன் அனுப்பிய உணவே மன்னா. காளானுக்கும் அதற்கும் என்ன உறவு என்று உரையாசிரியர்கள் ஆராய்ந்தனர். விதையும் பாசனமும் பாடும் இன்றிக் கிடைப்பதால் அது மன்னாவைப் போன்றது என்பது அவர்களிடையே பரவலான விளக்கம். மனுஸ்மிருதிக்கு ஐயம் தந்த அதே பண்பு இங்கே அருளின் அடையாளமாகிறது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் காஷ்மீரில் குச்சி சேர்த்துச் சமைத்த புலாவு திருமண விருந்தின் பெருமைக்குரிய பண்டமாக இருக்கிறது. அந்த நபிமொழி பாலைக் காளானைப் பற்றியதே என்றாலும், விதையாமல் வந்ததைத் தயக்கமின்றி நன்றியோடு ஏற்கும் மனநிலைக்கு அந்த மரபில் தடையே இல்லை.

மன்னாவின் கதை உரிமையைப் பற்றியும் பேசுகிறது. யாத்திராகமத்தின் 16ஆம் அதிகாரத்தில், ஆளுக்கு ஓர் ஓமர் அளவு பொறுக்கிக்கொள்ள வேண்டும் என்பது கட்டளை. மிகுதியாகச் சேர்த்தவரிடம் மிஞ்சவில்லை. குறைவாகச் சேர்த்தவருக்குக் குறையவில்லை. மறுநாளுக்கென்று பதுக்கியது புழுத்து நாறியது. பொறுக்கும் உழைப்பு மனிதருடையது, ஆனால் எவ்வளவு என்பதைத் தேவையே முடிவு செய்யும். உழைப்பின் அளவுக்கு ஏற்பச் செல்வம் சேராது. உழைப்பையும் உரிமையையும் இப்படிப் பிரித்து வைத்த பழங்கதைகள் அதிகமில்லை.

யூத ரபிகள் காளானை வகைப்படுத்தியதில் நுட்பம் மிகுதி. எந்த உணவுக்கு எந்த நன்றிமொழி என்று தல்மூதின் பெரகோத் பகுதி விவாதிக்கிறது. மண்ணின் விளைச்சலுக்கு ஒரு மொழி உண்டு. பால், முட்டை, மீன் போன்றவற்றுக்கு வேறொரு பொதுமொழி. காளான் இந்த இரண்டாம் கூட்டத்தில் வைக்கப்பட்டது. மண்ணிலிருந்துதானே முளைக்கிறது என்ற எதிர்வாதத்துக்கு, மண்ணிலிருந்து எழுகிறது என்றாலும் மண்ணிலிருந்து உணவு பெறவில்லை என்று அபாயே என்ற ரபி விடையளிக்கிறார். இந்த வகைப்பாட்டுக்கு நடைமுறை விளைவும் இருந்தது. வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைகளுக்கு விடவேண்டும் என்ற கட்டளை மண்ணில் வளர்வதற்கே உரியது என்பதால் காளானுக்கு அது பொருந்தாது என்று ரபிகள் கொண்டனர். இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் உடைமையாளர் ஒருவர் இருந்தால்தான் அவர் ஏழைக்கு விட்டுக்கொடுக்க ஓர் ஓரமும் இருக்கும். காட்டில் தானே எழுந்ததற்கு ஓரமே கிடையாது, அதன் முழுமையும் யாரும் எடுக்கத்தக்கது. ஏழாம் ஆண்டு ஓய்வில் நிலம் தானாகத் தருவதை ஏழையும் காட்டு விலங்கும் உண்ணட்டும் என்ற யாத்திராகமக் கட்டளை, எல்லா வயலையும் ஓர் ஆண்டுக்குக் காடாக்குகிறது என்றே சொல்ல வேண்டும்.

தமிழ் மரபில் இந்த எண்ணம் அரசியல் உருவில் வருகிறது. மூவேந்தரும் பாரியின் பறம்பு மலையை முற்றுகையிட்டபோது கபிலர் பாடியதாக வரும் புறநானூற்றின் 109ஆம் பாட்டு, உழவர் உழாத நான்கு பொருள்களை அந்த மலை தரும் என்று கணக்கிடுகிறது: மூங்கில் நெல், பலா, வள்ளிக் கிழங்கு, தேன். வயலை மறித்தால் ஊரைப் பணிய வைக்கலாம். உழாத உணவுள்ள மலையை மறிப்பதால் பயனில்லை என்பது அந்தப் பாட்டின் வாதம். விதைக்காத உணவு விடுதலைக்கு அடிப்படை என்று கபிலர் கண்டது, வேதநூல்களின் தூய்மைக் கேள்விக்கு அப்பாற்பட்ட பார்வை.

உரிமைக் கேள்வியை ஐரோப்பாவில் கூர்மையாக எழுப்பியவர் ஜான் லாக். 1689இல் வெளிவந்த அரசு பற்றிய இரண்டாம் ஆய்வுரையில் உடைமையைப் பற்றிய அத்தியாயத்துக்கு அவர் தேர்ந்துகொண்ட எடுத்துக்காட்டு பொறுக்குதலே. ஓக் மரத்தடியில் கிடந்த கொட்டைகளை ஒருவர் பொறுக்கி உண்டார். அவை எப்போது அவருடையவை ஆயின? செரித்தபோதா, உண்டபோதா, வேகவைத்தபோதா, வீட்டுக்குக் கொண்டுவந்தபோதா? பொறுக்கிய கணத்தில் ஆகவில்லையென்றால் வேறெப்போதும் ஆக முடியாது என்கிறார் லாக். பொதுவாகக் கிடந்ததோடு தன் உழைப்பைக் கலந்ததால் அது அவருடையதாயிற்று. மனிதகுலம் முழுவதன் ஒப்புதலும் வேண்டுமென்றால் எல்லாம் நிறைந்த உலகில் மனிதர் பட்டினி கிடந்து சாவார். இந்த உரிமைக்கு அவர் இரண்டு எல்லைகள் வகுத்தார்: மற்றவர்க்குப் போதுமானதும் அதே தரமுள்ளதும் எஞ்சியிருக்க வேண்டும், எடுத்தது கெட்டுப்போகக் கூடாது.

குச்சி பொறுக்கும் தொழிலை அருகிருந்து நோக்கினால் லாக்கின் வாதத்தில் ஓர் இடைவெளி தெரிகிறது. குனிந்து காளானைக் கிள்ளும் உழைப்புக்கு ஒரு நொடி போதும். உதிர்ந்த சருகின் நிறத்திலேயே இருக்கும் அதைக் கண்டுபிடிக்க ஒரு காலைப்பொழுது வேண்டும். எந்தச் சரிவில், எந்த மரத்தடியில், எத்தனை நாள் வெயிலுக்கும் மழைக்கும் பிறகு தேடவேண்டும் என்று தெரிந்துகொள்வதற்குப் பல தலைமுறைகள் வேண்டும். இமாச்சலத்திலும் காஷ்மீரிலும் பொறுக்குவோரில் பெண்களும் சிறுவரும் மிகுதி. தாயோடு காட்டுக்குப் போகும் மகள் இடத்தையும் பருவத்தையும் கற்கிறாள். உண்ணத்தக்கதையும் தகாததையும் பிரித்தறியும் கண்ணும் இதில் அடங்கும். நெடுக்காகக் கீறினால் உண்மையான குச்சி அடிமுதல் நுனிவரை உள்ளீடற்றிருக்கும். அதைப் போலத் தோன்றும் கைரோமிட்ரா என்னும் நச்சுக் காளானின் உட்புறம் அறைகளும் மடிப்புகளுமாக இருக்கும். நல்ல குச்சியையும் நன்றாக வேகவைக்காமல் உண்டால் வயிற்றைக் கடுமையாகத் தாக்கும். 2023இல் அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்தில் பச்சையாகவும் அரைவேக்காடாகவும் பரிமாறப்பட்ட மோரலால் ஐம்பதுபேர் அளவில் நோயுற்றனர், இருவர் இறந்தனர். இந்த அறிவு முழுவதும் உழைப்பே. ஆனால் அது எந்தத் தனியாளின் உழைப்பும் அன்று; இறந்தவர்களிடமிருந்து வந்தது, ஊரால் காக்கப்பட்டது. உழைப்பு கலந்தால் உரிமை வரும் என்ற லாக்கின் அடிப்படையை ஏற்றுக்கொண்டாலே, உரிமையில் பெரும்பங்கு அந்த அறிவைப் பேணிய சமூகத்துக்குப் போய்ச் சேர்கிறது. தனியுடைமைக்கு அரணாக எழுதப்பட்ட வாதம், முழுமையாகப் பின்பற்றினால், ஊருரிமைக்கே சான்றாகிறது.

கெட்டுப்போகக் கூடாது என்ற எல்லையும் இங்கே சோதனைக்கு உள்ளாகிறது. ஈரக் காளானில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு நீர்; ஓரிரு நாளில் அது அழுகத் தொடங்கும். அதனால் பொறுக்கியதை நூலில் கோத்து மாலையாக அடுப்பின் மேலோ வெயிலிலோ தொங்கவிடுகின்றனர். பத்துக் கிலோ ஒரு கிலோவாகச் சுருங்கும். அந்த ஒரு கிலோ ஆண்டுக்கணக்கில் கெடாது. ஒரு வாரத்தில் அழுகும் பழத்தைக் கொடுத்து ஓராண்டு நிற்கும் கொட்டையை வாங்கியவர் யாருக்கும் தீங்கு செய்யவில்லை என்று லாக் வாதிட்டு, அதே வழியில் ஒருபோதும் கெடாத பணத்துக்கு வந்துசேர்ந்தார். பணம் வந்ததும் அவருடைய எல்லை கரைந்துபோயிற்று. உலர்ந்த காளானுக்கும் இதுவே நேர்கிறது. உண்பதற்கு மட்டும் எடுக்கும்போது வயிறே அளவு சொல்லும். தில்லியிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் விலை வரும்போது அளவு சொல்ல எதுவும் இல்லை. மன்னா புழுத்தது ஏன் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைப்பதரிது: பதுக்க முடியாதவரை பொதுவுணவு பொதுவாகவே இருக்கும்.

லாக்கின் கொள்கையில் இன்னொரு பகுதி வரலாற்றில் பெருந்துயர் விளைவித்தது. பொறுக்கியவருக்குக் கனி சொந்தமாகும், நிலம் சொந்தமாகாது, உழுதவருக்கே நிலம். இதன்படி தலைமுறை தலைமுறையாகக் காட்டிலிருந்து உணவு எடுத்தவர்களின் காடு யாருக்கும் உரியதல்லாத தரிசு. லாக் இதனை அமெரிக்கப் பழங்குடிகளின் நிலத்தை மனத்தில் வைத்து எழுதினார். இந்தியாவில் 1878ஆம் ஆண்டு வனச்சட்டம் உருவானபோது இதே வகை எண்ணம் செயல்பட்டது: ஊரார் காட்டைப் பயன்படுத்தியது உரிமை அன்று, அரசு பொறுத்துக்கொண்ட சலுகை என்று பேடன்-பவல் போன்ற அதிகாரிகள் வாதிட்டனர். அரசுக்குள்ளேயே இதை எதிர்த்த குரல் சென்னையிலிருந்து எழுந்தது. மாகாணத்தில் ஏதேனும் ஒரு கிராம எல்லைக்குள் அடங்காத காடு இல்லையென்றே சொல்லலாம், அவற்றில் ஊராருக்கு இருப்பது உண்மையான உரிமை என்பது சென்னை வருவாய் வாரியத்தின் நிலைப்பாடு. அந்த எதிர்ப்பால் சென்னை மாகாணத்துக்குத் தனியாக 1882இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டமும் காட்டை அரசின் கைக்கே கொண்டு சேர்த்தது என்றாலும், உரிமைக்கும் சலுகைக்கும் உள்ள வேறுபாட்டை அன்றே ஓர் அரசு அலுவலகம் அழுத்திச் சொல்லியது மதிக்கத்தக்கது.

இன்றைய சட்டங்கள் பலவிதம். சுவீடன், நார்வே, பின்லாந்து நாடுகளில் பிறர் நிலத்திலும் காட்டுக் காளானையும் பெர்ரிப் பழங்களையும் எவரும் பறிக்கலாம். சுவீடனில் இயற்கையை அணுகும் இந்தப் பொதுவுரிமை 1994 முதல் அரசமைப்பிலும் இடம்பெற்றுள்ளது. இங்கிலாந்தின் 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம் காளானைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது: எந்த நிலத்திலும் தானாக வளரும் காளானைப் பறிப்பவர் திருடியவர் ஆகமாட்டார், விற்பதற்காகவோ வேறு வணிக நோக்கத்துக்காகவோ பறித்தால் மட்டும் அது திருட்டு. உண்பதற்கு எடுத்தல் குற்றமன்று, விற்பதற்கு எடுத்தல் குற்றம் என்ற இந்தப் பிரிவினை முதற்பார்வைக்கு மன்னாவின் அறத்தோடு ஒத்துப்போகிறது. பொழுதுபோக்காகக் காட்டுக்கு வரும் வசதியுள்ளவர்களின் நாட்டில் அது நேர்மையான விதிதான். குல்லுவின் மேல்மலை ஊரில் அதே விதி அநீதியாகிவிடும். அங்கே காளானை விற்பது உப்பும் எண்ணெயும் பள்ளிக் கட்டணமும் வாங்குவதற்காக. விற்பனையே அந்த வீட்டின் தேவை. விருந்துக்குப் பறிக்கும் செல்வரைக் குற்றமற்றவர் என்றும் பிழைப்புக்குப் பறிக்கும் ஏழையைத் திருடர் என்றும் சொல்லும் நிலைக்கு அது கொண்டுவிடும். தேவைக்கும் பேராசைக்கும் இடையிலுள்ள கோடு உண்பதற்கும் விற்பதற்கும் இடையில் ஓடவில்லை.

இந்தியாவின் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இதனைப் புரிந்துகொண்டு எழுதப்பட்டது. மரபாகச் சேகரித்துவந்த சிறு வன விளைபொருள்களை எடுக்கவும் பயன்படுத்தவும் விற்கவும் காட்டுவாசிகளுக்கு உடைமை உரிமை உண்டு என்று அதன் மூன்றாம் பிரிவு கூறுகிறது. ஊரார் அனுபவித்தது சலுகையே என்ற நூற்றாண்டுப் பழைய கொள்கையை அது தலைகீழாகத் திருப்பியது. உரிமையை எல்லா ஊர்களுக்கும் எழுத்தில் கொண்டுசேர்க்கும் வேலை இன்னும் முடியவில்லை. இதற்கிடையில் வேறொரு காவலும் மலைகளில் உண்டு. குல்லு, மண்டி போன்ற பகுதிகளில் கிராமத் தெய்வங்களுக்கு உரிய காடுகள் இருக்கின்றன. அவற்றுள் சிலவற்றில் விழுந்த சுள்ளியைக்கூட எடுக்கக் கூடாது. உரிமையாளர் தெய்வம் என்பதால் அங்கே கண்டெடுத்தவர் உரிமை என்ற பேச்சே எழுவதில்லை.

மற்றவர்க்குப் போதுமானது எஞ்ச வேண்டும் என்ற லாக்கின் முதல் எல்லைக்குத் திரும்பினால், காளானில் எஞ்சுவது எது என்று கேட்க வேண்டியிருக்கிறது. இதற்கு விடைதரும் ஆய்வொன்று ஸ்விட்சர்லாந்தில் நடந்தது. லா ஷனேயா என்ற காட்டுப்பகுதியில் 1975இல் தொடங்கி 29 ஆண்டுகள், சில நிலத்துண்டுகளில் காளான்களைப் பறித்தும் சிலவற்றில் விட்டும் ஒப்பிட்டனர். பறித்தலால் அடுத்தடுத்த ஆண்டுகளின் விளைச்சலோ இன வகைகளின் எண்ணிக்கையோ குறையவில்லை. பிடுங்கினாலும் கத்தியால் அறுத்தாலும் வேறுபாடில்லை. மண்ணை மிதித்த இடங்களில் மட்டும் காளான்களின் எண்ணிக்கை குறைந்தது. 2006இல் வெளியான இந்த முடிவுகள் பல வகைக் காளான்களைப் பற்றியவை. இமயத்துக் குச்சிக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. ஆனால் அறக்கேள்வியின் இடத்தை அவை மாற்றுகின்றன. எத்தனை காளானை விட்டுவைப்பது என்பதைவிட, அடியிலுள்ள மண்ணையும் மரத்தையும் எப்படி விட்டுவைப்பது என்பதே கனமான கடமை. பறிப்பவர் எடுப்பது விளைச்சலை. மரத்தை வெட்டுபவரும் சரிவைத் தோண்டிச் சாலை போடுபவரும் எடுப்பது விளைவிக்கும் உயிரை. பொறுக்கியவரின் கூடையைச் சோதிக்கும் சட்டங்கள் அந்த இரண்டாமவரை எளிதாக விட்டுவிடுவது பெரும் அநீதி.

அளவை வெளியிலிருந்து விதிப்பதைவிடப் பறிப்பவரின் மனத்துக்குள் வைக்கும் மரபுகளும் உள்ளன. அமெரிக்கப் பழங்குடிகளுள் ஒன்றான பொட்டவாட்டமி இனத்தவரும் தாவரவியலாளருமான ராபின் வால் கிம்மரர், 2013இல் வெளிவந்த நூலொன்றில் தம் மக்களின் அறுவடை அறத்தை விளக்குகிறார்: முதலில் கண்டதை எடுக்கக் கூடாது, கேட்டுவிட்டே எடுக்க வேண்டும், பாதிக்குமேல் எடுக்கக் கூடாது, எடுத்ததற்கு ஈடாக எதையேனும் தர வேண்டும். முதலில் கண்டதை விடுவதில் ஆழ்ந்த காரணம் இருக்கிறது. அதுவே கடைசியாகவும் இருந்துவிடலாம். கொடை என்று கருதப்படும் பொருள் பெற்றவரைக் கடமைக்குள் வைக்கிறது. சொந்தம் என்று கருதப்படும் பொருளுக்கு அந்தக் கட்டு இல்லை. மலைக்குடிகள் காளான் முளைக்கும் இடத்தைப் பிறரிடம் சொல்லாமல் மறைப்பதும் இந்த நோக்கில் வெறும் தன்னலமாகத் தெரியாது. வேலியில்லாத நிலத்தில் மறைவே வேலி. யாருக்குச் சொல்வது என்று தேர்வதன்மூலம் யார் பொறுப்போடு எடுப்பார் என்பதையும் அந்தக் குடும்பம் தேர்கிறது.

விதைக்காத உணவு என்ற நிலையே இப்போது மாறிவருகிறது. 1982இல் ரொனால்ட் ஓவர் என்ற அமெரிக்கர் மோரலைக் கட்டுப்படுத்திய சூழலில் முளைக்கச் செய்த முறையை வெளியிட்டார். சீனாவின் சிச்சுவானில் இப்போது நிழல்வலையின்கீழ் திறந்த வயல்களில் இதனைப் பெருமளவில் பயிரிடுகின்றனர். இழைவலை பரவிய மண்ணின்மேல் கோதுமை போன்ற சத்துப் பொருள் நிரப்பிய பைகளைக் கவிழ்த்துவைத்து அதற்கு உணவூட்டுவதே அங்குள்ள வழி. இந்தியாவிலும் சோலனில் உள்ள காளான் ஆராய்ச்சி இயக்குநரகம் குச்சியைச் செயற்கையாக வளர்ப்பதில் வெற்றி கண்டதாக அறிவித்தது. பயிரான குச்சிக்கு லாக்கின் விதி எந்தச் சிக்கலுமின்றிப் பொருந்தும்: விதைத்தவருக்கு விளைச்சல். அது பாடுபட்டுப் பெற்றதாகிவிடுவதால் உரையாசிரியர்கள் மன்னாவோடு ஒப்பிட்ட காரணம் நீங்கிவிடும். தல்மூதின் வகைப்பாட்டிலும் சமணரின் விலக்கிலும் அதனால் மாற்றம் வராது. அவை காளானின் இயல்பைப் பற்றியவை, அது வந்த வழியைப் பற்றியவை அல்ல. காட்டில் பொறுக்கியதன் விலை வயலில் வளர்ந்ததால் சரியுமானால் இழப்பு முழுவதும் மேல்மலைக் குடும்பங்களுடையது. பயிர்முறையின் அறிவும் வித்தும் அந்தக் குடும்பங்களின் கைக்கும் சேருமா, முதலீடு உள்ளவர்களோடு நின்றுவிடுமா என்பதைப் பொறுத்தே, சம்பாவிலும் கிஷ்துவாரிலும் இந்தக் காளானின்மேல் யாருக்கு எவ்வளவு உரிமை என்ற வழக்கு இனி நடக்கும்.